கல்லின் மேல் கல்

மலையேறுவது சிலருக்கு விளையாட்டு. வேறு சிலருக்கு வயிற்றுப் பிழைப்பு. இவ்விரு வகையாரும் ஒரே ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே சந்திக்கும் இடம் ஒன்று இத்தாலி தேசத்தில் உண்டு.

வடமேற்கு இத்தாலியில், லிகூரியாக் கடற்கரையில், செங்குத்தான மலைச் சரிவு ஒன்று மத்தியதரைக் கடலுக்குள் நேரே இறங்குகிறது. அச்சரிவில் மாண்டரோஸோ, வெர்னாஸா, கார்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்னும் ஐந்து சிற்றூர்கள் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துச் 'சிங்க்வே தெர்ரே', அதாவது 'ஐந்து நிலங்கள்' என்று அழைக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் வரும் வரையில், இவ்வூரார் அயலூர் போவதற்கு மலைப் பாதையும் படகுமே கதியாக இருந்தன.

ஐந்து ஊர்களையும் இணைக்கும் கடலோரப் பாதையின் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். "பூ, இவ்வளவுதானா!" என்று எண்ணிவிட வேண்டாம். மாண்டரோஸோவிலிருந்து வெர்னாஸாவுக்கு மூன்றரை கிலோமீட்டர் தூரந்தான். ஆயினும் அதைக் கடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். கற்படிகளில் ஏறி மூச்சு வாங்கி நிற்பதற்குள், அதே அளவு இறங்க வேண்டியிருக்கும். சில இடங்களில் எதிரே ஒருவர் வந்தால், நாம் மலைப் பக்கம் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். ஒரு புறம் திராட்சைக் கொடி; மறு புறம், வெகு ஆழத்தில், நீலக் கடல். கார்னீலியாவோ கடலுக்குமேல் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போக முந்நூற்றெழுபதுக்கு மேற்பட்ட படிகள் ஏறியாக வேண்டும்!

கடலையே பார்த்து நடப்பவர்கள் ஓர் அதிசயத்தைக் காணத் தவறி விடுவார்கள். அது மலைப் பக்கத்தில் இருக்கிறது. சரிவு முழுவதையும் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கற்சுவர் எழுப்பி, அதன் பின்னால் மண்ணை நிரப்பித் திராட்சை பயிரிட்டிருக்கிறார்கள். இது பல நூற்றாண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாய் நடந்த வேலை. சுவரில் சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. கல்லின் மேல் கல்லைப் பொருத்தி வைத்ததுதான். மழை நீர் கல் இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறிவிடும். மண் மட்டும் நிற்கும். சாந்து பூசி அடைத்திருந்தால், தேங்கும் நீரின் பாரமே சுவரைத் தள்ளிவிடும்.

ஆனால் இத்தகைய சுவருக்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும். அருகிலுள்ள லா ஸ்பெஸியா நகரில் கடற்படைத் தொழிற்சாலை ஏற்பட்டது, ரயிலும் வந்தது. மாதச் சம்பளம் கிடைக்கும்போது முதுகில் கூடை சுமந்து மலையேற யார் விரும்புவார்கள்? இளைஞர்கள் போனார்கள். விழுந்த கல் விழுந்தபடியே கிடந்தது.

அதன் விளைவை 2011-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி கண்டார்கள். அன்று சில மணி நேரம் கொட்டிய பெருமழையில் மலைச் சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து வந்தன. வெர்னாஸாவின் தெரு, வீடுகளின் கீழ்த்தளம் மறையும்படி சேற்றில் புதைந்தது. அவ்வூரில் மூவர் மாண்டனர். பராமரிப்பின்றி விடப்பட்ட தோட்டங்களில் மண்சரிவு மிகுதியாக நேர்ந்ததை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் எடுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டு மனரோலாவுக்கும் ரியோமஜ்ஜோரேக்கும் இடையே பாறை சரிந்து நால்வர் காயமுற்றார்கள். 'காதல் பாதை' என்று பிரசித்தி பெற்ற அவ்வழியைச் செப்பனிட்டு முழுவதும் திறப்பதற்கு 2024-ம் ஆண்டு ஆயிற்று.

இப்பகுதியை 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. 2018-ல், சாந்தின்றிக் கற்சுவர் கட்டும் கலையும், இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் பெயரால் தனிச் சிறப்புப் பெற்றது. கௌரவம் நல்லதுதான். ஆனால் பட்டயம் கல்லைத் தூக்கி வைக்காதே!

இன்று கடலோரப் பாதையில் நடப்பதற்குச் சீட்டு வாங்க வேண்டும். "நடப்பதற்குமா காசு?" என்று முணுமுணுப்போரும் உண்டு. நாம் இன்புற்று நடக்கும் அந்தப் பாதையோ, யாரோ ஒரு குடியானவன் குனிந்து வைத்த கல்லின் பலத்தில் நிற்கிறது. அவனுக்குப் பின் அதைக் குனிந்து எடுத்து வைக்க ஆள் இருக்கும் வரையில்தான் பாதையும் இருக்கும், ஊரும் இருக்கும்.