ஆண்டியோடு வளர்ந்த ரசிகர்கள்!

குட்டீஸ்... கார்ட்டூன் படம் பார்த்து, கல்லூரி அண்ணன்களும், அக்காக்களும் அழுதார்கள் என்றால் நம்புவீர்களா?

2010ல், பிக்சார் நிறுவனத்தின், 'டாய் ஸ்டோரி - 3' அமெரிக்காவில் வெளியானபோது அதுதான் நடந்தது. முதல் படம் வந்தது, 1995ல். அதைப் பார்த்த சிறுவர், சிறுமியர் எல்லாம், 15 ஆண்டுகளில் வளர்ந்து விட்டனர். பொம்மைகளின் சொந்தக்காரனான ஆண்டியும் அப்படியே! கல்லூரிக்குப் புறப்படும் அவன், உயிராக நேசித்த வுடி பொம்மையை, ஒரு சிறுமியிடம் ஒப்படைப்பான். அந்தக் காட்சியில்தான் தியேட்டரே கண் கலங்கியது.

சிறுவன் ஆண்டிக்கு, 1995ல் குரல் கொடுத்த ஜான் மோரிஸ்தான், வாலிபன் ஆண்டிக்கும் பேசினார். உலக அளவில், 100 கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் அனிமேஷன் படமும் இதுவே!

உங்கள் பழைய பொம்மைகள் பரணில் தூங்குகின்றனவா? அவற்றோடு விளையாட, ஒரு தம்பியோ, தங்கையோ காத்திருக்கலாம். தேடிப் பாருங்கள், குட்டீஸ்!