கல்லூரியில் படித்தோமா, கல்லூரியைப் படித்தோமா?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி, வங்கித் தேர்வுக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷுக்கும் பலகை தொங்கும் மாடிகள் ஏராளம். அங்கே ஓரளவு ஆங்கிலம் வந்தவர்களே இடறும் இடங்கள் இரண்டு. 'ஒன் ஆஃப்', 'போத் ஆஃப்', 'ஃப்யூ' என்று அளவு சொல்லும் தொடர்கள் ஒன்று. 'ஹூ', 'விச்' போட்டுப் பெயருக்குப் பின்னால் ஒட்டும் துணை வாக்கியம் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம். இதில் புத்திக் குறைவு ஒன்றுமில்லை. அதே வேலையைத் தமிழ் வேறு வழியில் செய்து பழகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தை, பேருந்து நிலையத்தில் விற்கும் '30 நாளில்' புத்தகங்களைப் போலத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்காட்டுகிறேன்.

தமிழில் பெயரெச்சம் என்று ஒன்று உண்டு. 'வெட்டிய' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஆள், வெட்டிய மரம், வெட்டிய கத்தி, வெட்டிய இடம், வெட்டிய நாள். ஆள் வெட்டினான், மரம் வெட்டுப்பட்டது, கத்தியால் வெட்டினார்கள். உறவு ஒவ்வொன்றும் வேறு, ஆனால் 'வெட்டிய' மாறவே இல்லை. செய்தவர், செய்யப்பட்ட பொருள், கருவி, இடம், காலம், செயல் என்று பெயரெச்சம் ஏற்கும் ஆறையும் நன்னூல் வகைப்படுத்தியிருக்கிறது. 'ஹூ', 'விச்' மாதிரியான இணைப்புச் சொல் திராவிட மொழிகளுக்கு இயல்பில்லை என்பதை, 1856-ல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் எடுத்துச் சொன்னார்.

ஆங்கிலம் இந்த உறவைக் கேட்பவரின் ஊகத்துக்கு விடாது. கத்தி என்றால் 'வித் விச்', இடம் என்றால் 'இன் விச்' அல்லது 'வேர்' என்று சொல்லியே ஆக வேண்டும். நாம் 'நான் படித்த கல்லூரி' என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு 'தி காலேஜ் விச் ஐ ஸ்டடீட்' என்கிறோம். அதன் பொருள், கல்லூரியையே எடுத்து ஆராய்ந்தேன் என்பது. செயின்ட் ஜோசப் கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்த வரலாற்றைத் தோண்டியவர் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. அங்கே பி.எஸ்சி. முடித்தவருக்கு 'இன் விச்' வேண்டும், அல்லது கடைசியில் ஓர் 'அட்' ஆவது வேண்டும். 'தி ஹவுஸ் விச் வி லிவ்ட்' என்பதிலும் இதே ஓட்டைதான்.

அளவுத் தொடருக்கு வருவோம். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்ற பிழை எங்கிருந்து வருகிறது? 'என் ஃப்ரெண்ட் ஒருத்தன்' என்பதிலிருந்து. நமக்கு நண்பன் ஒருமையில் முன்னால் நிற்கிறான், எண்ணிக்கை பின்னால் வருகிறது. ஆங்கிலமோ முதலில் கூட்டத்தைக் காட்டி, அதிலிருந்து ஒருவனைப் பொறுக்குகிறது. ஆகவே 'ஃப்ரெண்ட்ஸ்'.

இனித் தேர்வுகளுக்குப் பிடித்த கண்ணி. ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம் 'ஒன் ஆஃப் தி டவர்ஸ் தட்' என்று எழுதிவிட்டு அடுத்து 'ஸ்டேண்ட்' போடுவதா, 'ஸ்டேண்ட்ஸ்' போடுவதா? அங்கே நிற்பவை 21 கோபுரங்கள். 'தட்' ஒட்டியிருப்பது அந்தக் கூட்டத்தோடு, எனவே 'ஸ்டேண்ட்'. ஆனால் 'தி ஒன்லி ஒன் ஆஃப் தி டவர்ஸ் தட் வாஸ் ஃபினிஷ்ட் இன் 1987' என்றால் கதை மாறுகிறது. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகக் கிடந்து 1987-ல் 13 நிலைகளோடு குடமுழுக்குக் கண்டது அது ஒன்றுதான், ஆகவே ஒருமை. முதல் வகையில் ஆங்கிலேயரே ஒருமை போட்டு எழுதுவதுண்டு. தேர்வுத்தாளில் அந்தத் தைரியம் வேண்டாம்.

'எனக்கு ரெண்டு அண்ணன், ரெண்டு பேரும் ஸ்ரீரங்கத்துல இருக்காங்க.' தமிழில் இது நல்ல வாக்கியம். 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ், போத் ஆஃப் தெம் லிவ் இன் ஸ்ரீரங்கம்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் பிழை. பொன்மலைப் பணிமனையில் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டால் அது ரயில் ஆகாது, கப்ளிங் மாட்ட வேண்டும். காற்புள்ளி அந்தக் கப்ளிங் அல்ல. 'தெம்' போய் 'ஹூம்' வந்தால் மாட்டியாயிற்று: 'போத் ஆஃப் ஹூம் லிவ் இன் ஸ்ரீரங்கம்'. பொருள்களுக்கு 'விச்'. அல்லது முற்றுப்புள்ளி வைத்து இரண்டு வாக்கியமாக எழுதலாம், யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

காற்புள்ளிக்கு வேறு வேலை உண்டு. 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் ஸ்ரீரங்கம்' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால் வேறு ஊரிலும் சகோதரர் இருக்கிறார் என்று தொனிக்கும். நடுப்பகுதிக்கு இருபுறமும் காற்புள்ளி இட்டால் சகோதரர் ஒருவரே.

'லிட்டில்', 'எ லிட்டில்' குழப்பத்துக்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. மேட்டூர் அணை திறந்து முக்கொம்புக்குத் தண்ணீர் வருகிறது. 'கொஞ்சம் தண்ணி வந்திருக்கு' என்பது 'எ லிட்டில் வாட்டர்'. 'கொஞ்சம்தான் வந்திருக்கு' என்று உதட்டைப் பிதுக்கினால் 'லிட்டில் வாட்டர்'. நாம் 'தான்' சேர்த்துக் காட்டும் ஏமாற்றத்தை அவர்கள் 'எ'யை எடுத்துக் காட்டுகிறார்கள். 'ஃப்யூ', 'எ ஃப்யூ' இரண்டுக்கும் இதே கணக்கு.

ஒரு நோய் மட்டும் இரு மொழிக்கும் பொது. 'எல்லா வாசலும் திறக்கலை' என்றால் சில மூடியிருக்கின்றனவா, ஒன்றுகூடத் திறக்கவில்லையா? குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். 'ஆல் தி கேட்ஸ் ஆர் நாட் ஓப்பன்' என்பதும் அப்படியே. ஸ்ரீரங்கம் கோயிலின் பரமபத வாசல் வைகுண்ட ஏகாதசியை ஒட்டித்தான் திறக்கும் என்பது தெரியாத வெளிநாட்டுப் பயணிக்கு, சாதாரண நாளில் 'நாட் ஆல் தி கேட்ஸ் ஆர் ஓப்பன்' என்று சொல்லுங்கள். 'ஆல்' என்று ஆரம்பித்தால் ஆட்டோவை மலைக்கோட்டைக்குத் திருப்பச் சொல்லிவிடுவார்.