விலை வீழ்ச்சியும் நாணயக் கொள்கையும்

நிவித்திகலயைச் சூழ்ந்த தோட்டங்களின் வாழ்வு இறப்பரையும் தேயிலையையும் பற்றி நிற்பது. அவற்றின் விலை வீழின் வேலை குறையும். வேலை குறையின் கடைவீதி வாடும். இவ்வாட்டத்தை நாணயக் கொள்கையால் நீக்கல் கூடுமோ என்னும் வினாவிற்கு இலங்கையின் வரலாறே விடை பகர்கின்றது.

1929இல் தொடங்கிய பெருமந்தத்தின்போது இறப்பர் விலை பெரிதும் சரிந்து, 1932இல் இலண்டன் சந்தையில் இறாத்தல் ஏறத்தாழ இரண்டு பென்சாயிற்று. தோட்டங்கள் பல பால் வெட்டுதலை நிறுத்தின. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த குறைந்தபட்சக் கூலியும் குறைக்கப்பட்டது. தொழிலாளர் பலர் தமிழகம் மீண்டனர். அந்நாளில் நோட்டு வெளியிட்டது 1884இல் நிறுவப்பெற்ற நாணயச் சபை. இந்திய ரூபாவையும் பிணையங்களையும் ஈடாகக் கொண்டே அது பணம் வெளியிட்டது. ஏற்றுமதி வருவாய் குன்ற ஈடு குன்றிற்று. ஈடு குன்றப் பணமும் சுருங்கிற்று. பெருகவேண்டிய வேளையிற் பணம் சுருங்கியமையே அவ்வமைப்பின் குறை. அமெரிக்கா 1934இல் ஓர் அவுன்சுப் பொன்னின் விலையை 20.67 டொலரிலிருந்து 35 டொலராக உயர்த்தி, விலைவாசியை ஏற்ற முயன்றது. இலங்கைக்கு அவ்வுரிமை இல்லை. அதே ஆண்டு அனைத்துலக இறப்பர் ஒப்பந்தத்தால் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் வழியே எஞ்சிற்று.

1950 ஆகஸ்ட் 28இல் மத்திய வங்கி தோன்றியதும் அவ்வுரிமை கிட்டிற்று. மத்திய வங்கி வட்டியைத் தாழ்த்தினால் வங்கிகளின் கடன்வட்டியும் தாழும். வணிகர் கடன் பெற்றுத் தொழில் பெருக்குவர். வேலையும் கூலியும் பெருக, விலையும் நிமிரும்.

எனினும், இம்மருந்து அளவு மீறின் நஞ்சாகும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் வட்டி தாழ்ந்தும் பணம் பெருகியும் இருந்தன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் சேர, 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதாயிற்று. தோட்டத் தொழிலாளர் 2021இல் போராடிப் பெற்ற 1,000 ரூபா நாட்கூலியின் பயனை அது விழுங்கிற்று. வங்கி வட்டியைக் கடுமையாக உயர்த்திப் பின்னர், 2023 ஜூன் முதல் படிப்படியாகக் குறைத்து, 2024 நவம்பரில் நூற்றுக்கு எட்டாக்கிற்று. 2024இல் உற்பத்தி நூற்றுக்கு ஐந்து வளர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் முதல் 2025 ஜூலை வரை விலைமட்டம் முந்திய ஆண்டினும் தாழ்ந்திருந்தது. ஆயினும் அது பெருமந்தத்தின் வீழ்ச்சியன்று. மின்கட்டணமும் எரிபொருள் விலையும் குறைந்தமையே அதன் தலையாய காரணம்.

ஆகவே, விலை ஏன் வீழ்ந்தது என ஆராய்ந்தே மருந்தளித்தல் வேண்டும். ஈடு காட்டிக் கடன்பெற இயலாத தொழிலாளிக்குத் தாழ்ந்த வட்டியின் பயன் வேலை வாயிலாகவே சென்றடையும். உயர்ந்த விலையின் சுமையோ நேரே அவன் அடுக்களைக்கு வரும். நாணயக் கொள்கையின் வெற்றியை அவன் கூலியின் வாங்கும் ஆற்றலைக் கொண்டே அளத்தல் தகும்.