மலையூர் இரவுகளில் உறங்காத கால்கள்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலிலும், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய மேல்மலை ஊர்களிலும், படுத்த சிறிது நேரத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோலவும் குடைவதுபோலவும் தோன்றி உறக்கத்தைக் கெடுக்கும் தொல்லைக்குக் குளிரையோ, பகலெல்லாம் மேடேறி இறங்கிய அலுப்பையோ காரணமாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதலும் இதனோடு சேர்ந்து, எழுந்து நடந்தால் உடனே தணிந்து, மீண்டும் படுத்தால் திரும்ப வருமாயின், அது பெரும்பாலும் மருத்துவர்கள் ‘அமைதியற்ற கால் நோய்க்குறி’ என்று குறிப்பிடும் நரம்பியல் கோளாறாகவே இருக்கும். உணரப்படும் இடம் கால் என்றாலும், அதன் வேர் மூளையில் உள்ளது.

ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே இதை விவரித்திருந்தபோதிலும், சுவீடன் நாட்டு நரம்பியலாளர் கார்ல் ஆக்செல் எக்போம் 1945-இல் தனி நூலாக எழுதிய பின்னரே மருத்துவ உலகம் இதை ஒரு நோயாக ஏற்றது. ஓய்வில் தொடங்குவது, அசைவில் தணிவது, மாலையிலும் இரவிலும் மிகுவது ஆகியவையே நோயைக் கண்டறியும் அடையாளங்கள். தசை இறுகிக் கட்டியாகி வலிக்கும் கெண்டைக்கால் பிடிப்பு வேறு. நீரிழிவால் நரம்பு பழுதடைந்து பாதம் எரிவதும் மரத்துப்போவதும் வேறு, ஏனெனில் அந்த எரிச்சல் நடப்பதால் தணிவதில்லை. இந்நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உறக்கத்திலும் கால்கள் 20 முதல் 40 நொடிகளுக்கு ஒருமுறை தாமாகவே வெட்டியிழுப்பதால், பக்கத்தில் படுத்திருப்பவரே முதலில் அதைக் கவனிப்பதும் உண்டு.

அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்னும் வேதிப்பொருளை மூளை உருவாக்குவதற்கு உதவும் நொதி இரும்பின்றி இயங்காது. இந்நோயாளிகளின் மூளையில், டோபமின் சுரக்கும் ஆழ்பகுதியில் இரும்பு குறைந்திருப்பதைக் காந்த அதிர்வுப் படங்களும் இறந்தோரின் மூளைத் திசு ஆய்வுகளும் காட்டியுள்ளன. டோபமின் செயல்பாடு இயல்பாகவே இரவில் தாழ்வதால் தொல்லையும் இரவையே தேர்ந்துகொள்கிறது. இங்கே பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. இரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருப்பதால் மட்டுமே இரும்பு போதுமானதாக உள்ளது என்று பொருளாகாது; சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்னும் புரதத்தைத் தனியே அளந்தாக வேண்டும். ஆய்வகத் தாளில் ‘இயல்பு’ என அச்சிடப்படும் கீழ்வரம்பு மிகத் தாழ்ந்தது. இந்நோய் உள்ளவருக்கோ ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே இரும்புச் சத்து மாத்திரையைப் பரிசீலிக்கலாம் என்பது வல்லுநர் குழுக்களின் பரிந்துரை. காய்ச்சலும் அழற்சியும் ஃபெரிட்டினைப் பொய்யாக உயர்த்திக் காட்டுமாதலால், இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதம் எந்த அளவு நிறைந்துள்ளது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நலம். அளக்காமல் இரும்பை விழுங்குவதும் பிழையே, ஏனெனில் மிஞ்சிய இரும்பு கல்லீரலில் தங்கிக் கேடு செய்யும்.

பெங்களூரு நகர மக்களிடையே நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்கு இந்நோய் இருப்பதைக் கண்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், குறிப்பாகக் கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் இருப்போருக்கும், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும், குடும்பத்தில் வேறொருவருக்கு இருப்பவருக்கும் இது கூடுதலாக வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள் என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், கால் குடைச்சல் என்று சொல்லி வரும் பெண்ணிடம் வலிநிவாரணித் தைலத்தை மட்டும் நீட்டுவது எவ்வளவு போதாதது என்பது விளங்கும்.

மலைக்கும் இதில் பங்கு இருக்கக்கூடும். உத்தரகண்டில் அடிவார ஊர்களையும் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயர ஊர்களையும் ஒப்பிட்ட ஆய்வு மலைமேல் இந்நோய் மிகுந்திருப்பதைக் கண்டது. உயரம் கூடும்போது உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. கொடைக்கானலின் உயரமும் அதுவே என்றாலும், உணவும் மரபணுவும் வேறுபடுவதால் அம்முடிவை அப்படியே பழனி மலைத்தொடருக்குப் பொருத்திவிடலாகாது. அதைவிட உறுதியாகச் சொல்லத்தக்கது காபியும் தேநீரும் செய்யும் வேலை. உணவோடு அருந்தும் காபி இரும்பு உறிஞ்சப்படுவதை 39 விழுக்காடும் தேநீர் 64 விழுக்காடும் குறைத்ததை 1983-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து அருந்திய காபியும் அதே அளவு தடுத்தது, ஒரு மணி நேரம் முன்னதாக அருந்தியதோ தடுக்கவில்லை. தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் காபி விளையும், குளிருக்கு அடிக்கடி சூடாக ஏதேனும் குடிக்கத் தோன்றும் மலைநாட்டில், காபியை விடச் சொல்வது நடவாத காரியம்; உணவுக்கு முன் நகர்த்துவதும் மாலைக்குப் பின் தவிர்ப்பதும் நடக்கக்கூடியவை. உணவோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கமலா ஆரஞ்சு சேர்ந்தால் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு எளிதாக உட்செல்லும்.

மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் இருவகை மாத்திரைகள் இந்நோயைத் தூண்டிவிடக்கூடும். சளிக்குத் தரப்படும் குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய ஒவ்வாமை எதிர்ப்பு மருந்துகள் ஒருவகை. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதையின் வளைவுகளுக்கு அஞ்சி விழுங்கும் வாந்தித் தடுப்பு மாத்திரைகளில் புரோமெதசினும் மெட்டோகுளோபிரமைடும் இன்னொரு வகை. அசையாமல் உட்கார்ந்திருக்கும் நெடும் பேருந்துப் பயணமே கால்களைக் கிளப்பிவிடப் போதுமானது. அதன்மேல் இம்மாத்திரையும் சேர்ந்தால் அன்றைய இரவு போனதுதான். மனச்சோர்வுக்கான சில மருந்துகளுக்கும் இக்குணம் உண்டு என்றாலும், அவற்றைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்வதே முறை.

தொல்லை தொடங்கிவிட்ட இரவில் படுக்கையில் புரண்டு போராடுவதைவிட எழுந்து சற்று நடப்பதும், சுவரில் கைகளை ஊன்றிக் கெண்டைத்தசையை நீட்டி இழுப்பதும், காலைப் பிடித்துவிடச் சொல்வதும், வெந்நீரில் கால்களை வைத்திருப்பதும் பலருக்குத் தணிப்பைத் தருகின்றன. நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் மட்டும் நீரின் சூட்டை முழங்கையால் பார்த்த பின்பே காலை வைக்க வேண்டும். மனத்தை ஈர்க்கும் வேலையும், புதிர்க்கணக்கோ சுவையான உரையாடலோ எதுவாயினும், இவ்வுந்துதலை அடக்க வல்லது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடை பகலில் நன்மை தரும். படுக்கும் நேரத்தை ஒட்டிய கடும் உடற்பயிற்சி எதிர்மாறாக வேலை செய்யும். குளிருக்கு என்று அருந்தும் மது உறக்கத்தைக் கொண்டுவருவதுபோல் தோன்றினாலும் பின்னிரவில் கால்களை மேலும் அலைக்கழிக்கும்.

இவற்றுக்கும் அடங்காதவர்களுக்கு மருந்து உண்டு. பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் முதலிய டோபமின்சார் மாத்திரைகள் முதலில் வியக்கத்தக்க நிவாரணம் தருகின்றன. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, அம்மாத்திரைகளாலேயே சிலருக்கு இரவு பத்து மணிக்கு வந்த தொல்லை மாலை நான்குக்கே வருவதும், கால்களோடு நின்றது கைகளுக்குப் பரவுவதும் நேர்கின்றன. நோய் முற்றிவிட்டது என்று கருதி மாத்திரையின் அளவைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. எனவே அமெரிக்க உறக்க மருத்துவ அகாதெமியின் 2025 வழிகாட்டுதல் இவற்றை வழக்கமான முதல் மருந்தாகப் பயன்படுத்த வேண்டாம் என்று கூறி, காபாபென்டின், பிரிகாபாலின் ஆகியவற்றையும், தேவைப்படுவோருக்கு சிரை வழியே செலுத்தும் இரும்பையும் முன்வைக்கிறது. டோபமின்சார் மாத்திரையைப் பல்லாண்டுகளாக உட்கொண்டுவரும் ஒருவருக்குத் தொல்லை தொடங்கும் நேரம் முன்னே நகர்ந்துகொண்டே வருமாயின், அதைக் குறித்துவைத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அம்மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் கடுமையான பின்விளைவு உண்டு என்பதால், அவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.