அரங்கத்தின் முன்கூடத்தில் விளக்கொளி மங்கலாக இருப்பது ஏன்?

நண்பகல் வெயிலிலிருந்து நேரே நாடக அரங்கினுள் நுழைந்து, படி எது, இருக்கை எது என்று தெரியாமல் கைகளால் துழாவிய அனுபவம் உங்களுக்கும் உண்டல்லவா?

கண்ணின் பாவை சில விநாடிகளில் விரிந்துவிடும். அது மட்டும் போதாது. மங்கிய ஒளியைக் காண்பதற்கென்றே விழித்திரையில் அமைந்த குச்சி வடிவ உயிரணுக்களில் உள்ள ரொடாப்சின் என்னும் வர்ணப் பொருள், பிரகாசமான வெளிச்சத்தில் சிதைந்து, கோடைப் பாசனத்திற்காக விடியவிடிய இறைத்த கிணற்றைப் போல வற்றிவிடுகிறது. இறைத்த கிணறு உடனே நிரம்புமா? இருளில் மெல்ல மெல்ல ஊறி அது முழுமை பெற ஏறத்தாழ 30 நிமிஷங்கள் ஆகின்றன.

அந்த ஊற்றுக்கு அவகாசம் அளிக்கும் இடமே முன்கூடம். வெளியே வெயில் 1,00,000 லக்ஸ் வரை பொழிய, வாயிலருகே சற்றுத் தாராளமாகவும், அரங்கக் கதவை நெருங்க நெருங்கச் சிக்கனமாகவும் விளக்குகளை அமைக்கும் நிபுணர், நம் கண்களைப் படிப்படியாக இருளுக்குப் பழக்குகிறார்.

செம்மஞ்சள் ஒளியை அவர் விரும்புவதற்கும் காரணமுண்டு: நீல ஒளியைப் போல் செந்நிற ஒளி அவ்வணுக்களைத் தாக்குவதில்லை. கண் கூசும் சரவிளக்கைக் கதவருகே தொங்கவிடுவது, அது எத்துணை அழகாயினும், என் அபிப்பிராயத்தில் பெரும் பிழையே.

அடுத்த முறை பத்து நிமிஷம் முன்னதாகவே சென்று, முன்கூடத்தில் சற்று நின்று பாருங்கள்.