எட்டிப் பார்க்காதீங்க சார்!

கல்யாணமாகி மூன்று வருஷமான எந்த ஆசாமியை வேண்டுமானாலும் கேளுங்கள். உலகத்திலேயே பயங்கரமான கேள்வி 'இன்கிரிமென்ட் எப்போ?' இல்லை. 'என்ன, ஏதாவது விசேஷமா?' என்பதுதான்!

ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பாள். பக்கத்து வீட்டு மாமி மாடிப்படியில் நிறுத்திக் கேட்பார். ஆபீஸ் கேன்டீன்காரர் கூட, டீயோடு சேர்த்து ஒரு நாள் கேட்டுவிட்டார். நானும் மனைவியும் சிரித்து மழுப்பப் பழகியிருந்தோம். ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அந்தச் சிரிப்பு இருக்காது.

"வீட்ல கொஞ்சம் கீச்சு கீச்சுனு சத்தமாவது கேட்கட்டுமே" என்றாள் ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை பறவைக் கடைக்குப் போய், வெள்ளை நிற ஜீப்ரா ஃபின்ச் குஞ்சுகள் இரண்டு வாங்கி வந்தேன். பூர்வீகம் ஆஸ்திரேலியா. ஆனால் பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்கிற ஜாதி. (நம்மூர் சில்லைக் குருவி வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

"ஜோடிதானே?" என்றேன்.

"சத்தியமா ஜோடி சார்!"

குஞ்சுப் பருவத்தில் இரண்டுக்கும் அலகு கறுப்பாக இருந்தது. கொஞ்ச நாளில் இரண்டு அலகும் ரத்தச் சிவப்பாகிவிட்டது. விசாரித்தால், சிவப்பு அலகு ஆணுக்காம். பெண்ணுக்கு வெளிர் ஆரஞ்சுதானாம்! சண்டைக்குப் போனேன். கடைக்காரர் அசரவில்லை. "ஜோடின்னுதான் சார் சொன்னேன். ஒண்ணு ஆண், ஒண்ணு பொண்ணுன்னு சொன்னேனா?"

ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் சாம்பல் நிறத்தில் வாங்குங்கள். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, விலாவில் வெள்ளைப் புள்ளி, மார்பில் வரிக்குதிரைக் கோடு என்று சகல மேக்கப்பும் உண்டு. பெண்ணுக்கு அந்த அலங்காரம் கிடையாது. மூன்று மாதத்திலேயே முட்டையிடும் என்றாலும், ஆறு மாதம் தாண்டிய ஜோடிதான் நல்லது.

அப்படி ஒரு ஜோடியை மாற்றி வாங்கி வந்தேன். கூண்டில் ஓட்டை போட்ட மண் கலயத்தைக் கட்டி, தேங்காய் நாரும் காய்ந்த புல்லும் போட்டேன். ஆண் குருவி ஒவ்வொரு நாராகக் கொண்டுபோய் அடுக்கியது. நடுநடுவே மனைவிக்கு முன்னால் நின்று ஒரு பாட்டு வேறு. இந்த ஜாதியில் பாடுவது ஆண்தான்! பத்தாம் நாள் முதல் முட்டை. தினம் ஒன்றாக மொத்தம் ஐந்து.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் கிளம்புமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, ராத்திரி செல்போன் டார்ச் அடித்து ஒரு தடவை... கலயத்துக்குள் எட்டிப் பார்த்தேன். நண்பர்களையும் கூட்டி வந்து காட்டினேன். ஆறாம் நாள், இரண்டும் கூண்டின் மூலையில் உட்கார்ந்துவிட்டன. கலயத்துப் பக்கமே போகவில்லை. முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன.

மனைவி அவற்றை ஒரு துணியில் எடுத்து, தொட்டியில் துளசிக்குப் பக்கத்தில் புதைத்தாள். "எல்லாரும் வந்து வந்து எட்டிப் பார்த்தா, அதுங்க என்னதான் பண்ணும்?" என்றாள். குருவியைத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் எங்கள் செக்‌ஷன் சூப்பரின்டென்டென்டிடம் புலம்பினேன். மனிதர் இருபது வருஷமாக ஃபின்ச் வளர்ப்பவர். "குருவி மேல தப்பில்லைய்யா, உம்ம மேலதான்" என்று ஆரம்பித்து, அட்டவணையே போட்டுக் கொடுத்தார்.

கூண்டைத் தலை உயரத்துக்கு மேல், சுவரை ஒட்டி வை. மூன்று பக்கம் துணி கட்டு. தினையை ஊறவைத்துக் கொடு. வேகவைத்த முட்டையைப் பொடித்துக் கொடு. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டு வாங்கி மாட்டு. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து அதுதான். அது இல்லாவிட்டால் முட்டை வயிற்றிலேயே சிக்கித் தாய் செத்துவிடும். நூல், பஞ்சு போடாதே, காலில் சுற்றிக்கொள்ளும். முதல் முட்டை வந்ததும் மிச்ச நாரை எடுத்துவிடு. இல்லாவிட்டால் முட்டை மேலேயே மறுபடி கூடு கட்டும். கடைசியாக அடிக்கோடு போட்டு ஒரு வரி: 'எட்டிப் பார்க்காதே!'

அடுத்த மாதம் மறுபடி முட்டை. எத்தனை என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது! தண்ணீர் மாற்றுவேன், தினை வைப்பேன், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி 'ஷிஃப்ட்' போட்டு அடைகாத்தன. வெயில் கொளுத்தினால், பொரிக்கப்போகும் கடைசி நாட்களில் முட்டைக்குள்ளிருக்கும் குஞ்சுக்குப் பெற்றோர் தனிக்குரல் கொடுக்கும், அதைக் கேட்ட குஞ்சு வெப்பத்துக்கு ஏற்றபடி வளரும் என்று ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் குடும்ப விஷயத்தை அவர்களே பேசிக்கொள்கிறார்கள். நடுவில் நான் யார்?

இரண்டு வாரம் கழித்து ஒரு விடிகாலை, கலயத்துக்குள்ளிருந்து மெலிதாக ஒரு முனகல். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அசையவில்லை. மேலும் மூன்று வாரத்தில் நாலு குஞ்சுகள் தாமாகவே வெளியே வந்து, கம்பியில் வரிசையாக உட்கார்ந்தன. தானே தின்னப் பழக இன்னும் இரண்டு வாரம் ஆகும். அதுவரை பிரிக்கக் கூடாது. வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈடு போதும். அப்புறம் கலயத்தைக் கழற்றிவிடுங்கள், தாய்க்கு ஓய்வு வேண்டும்.

இரண்டாவது ஈட்டின்போது அம்மா ஊரிலிருந்து வந்தாள். வந்ததும் வராததுமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறப் பார்த்தாள்.

"வேண்டாம்மா. எட்டிப் பார்த்தா கூட்டையே விட்டுடும். அதுக்கா எப்போ தோணுதோ அப்போ வரட்டும்."

அம்மா ஸ்டூலில் வைத்த காலை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். சமையலறையில் தினை களைந்துகொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தாள். "சரிடா" என்றாள்.

பத்து நாள் இருந்தாள். ஒரு தடவை கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியே மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

"வெயில் ஜாஸ்தியா இருக்கும்மா. குருவிக்குத் தண்ணி மாத்த மறந்துடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு."