மூன்று நாள் அன்னமும் ஜலமும்

ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு கிருஹஸ்தரும் தமது உக்கிராண அறையை ஒருமுறை திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஒரு ரயிலும் அதிலிருந்த சுமார் 800 பிரயாணிகளும் வெள்ளத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்டதையும் நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். சர்க்காரின் ஹெலிகாப்டர் வருமுன் அவர்களுக்கு அன்னமிட்டவர்கள் யார்? அடுத்துள்ள புதுக்குடி கிராமத்தாரே. அவர்கள் கையில் அரிசி இருந்தது.

ஆனால் அரிசி மாத்திரம் போதாது. அடுப்பும் விறகும் நனைந்துவிட்டால், அல்லது காஸ் தீர்ந்துவிட்டால், அரிசியால் பயனென்ன? அவல், பொட்டுக்கடலை, வெல்லம் ஆகியவற்றுக்கு நெருப்பு வேண்டியதில்லை. ஜலமோ இவற்றினும் முக்கியம். மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது. கிணற்றிலும் நிலத்தடித் தொட்டியிலும் சாக்கடை கலந்துவிடும். சுற்றிலும் வெள்ளம், குடிக்க ஒரு வாய் இராது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம், ஐவர் குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர் வேண்டும். நாலைந்து குடந்தான், மூடி, உயரத்தில் வைக்கவேண்டும்.

இது இருப்பவர்களுக்குச் சொன்னது. அன்றாடக் கூலியில் அன்றாடம் அரிசி வாங்குகிறவனிடம் சேமித்து வை என்பது பரிகாசமன்றோ? புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே ரேஷன் கடை மூலம் அவனுக்கு அரிசி அளக்கும்படி சர்க்காரை வற்புறுத்தவேண்டும். வெள்ளம் வடிந்தபின் உண்டியல் ஏந்தும் நம் தொண்டர்கள், இப்பொழுதே தெருவுக்கொரு மாடி வீட்டில் இரண்டு மூட்டை அவல் சேர்த்து வைக்கட்டும். மாடி வீட்டுக்காரர் சாவி தருவாரா என்பதையும் இன்றே கேட்டுக்கொள்வது நலம்.